ஏட்டுச் சுரைக்காயும் உக்கும் பையும்

சம்பள நாளுக்கு மறுநாள் லிந்துலைக் கடைவீதியில் சற்று நேரம் நின்று பார்ப்போருக்கு ஒரு காட்சி தவறாமற் புலப்படும். தோட்டத்திலிருந்து இறங்கி வந்த தாய் ஒருத்தி, அரிசியும் பருப்பும் கோதுமை மாவும் கருவாடும் பிள்ளைகளுக்குச் சிறிது பலகாரமும் வாங்கி முடித்து, ஏழெட்டுப் பைகளுடன் பஸ் வண்டிக்குக் காத்து நிற்கிறாள். அப்பைகளுள் ஒன்றில் பச்சை மையினால் ஓர் இலை வரையப்பட்டு, அதன் கீழே 'உக்கக்கூடியது' என்று அச்சிடப்பட்டிருக்கிறது. "இந்தப் பையாவது மண்ணோடு மண்ணாகிப் போகும்" என்று அவள் மனம் ஆறுதல் கொள்கிறது. வீடு சேர்ந்ததும் சாமான்கள் பேணிகளுக்குள் போகின்றன. பைகள் லயத்தின் பின்னாலுள்ள கானுக்குப் போகின்றன. பச்சை இலை வரைந்த பையும் மற்றப் பைகளோடு சேர்ந்தே போகிறது.

அந்தக் கான் எங்கே போகிறது? மழை பெய்தால் ஓடைக்குப் போகிறது. ஓடை ஆற்றுக்கும், ஆறு தலவாக்கலையிலுள்ள மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்கும் போகின்றன. அங்கிருந்து கொத்மலை ஓயா. பின்னர் மகாவலி கங்கை. கடைசியில் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடா. லிந்துலையில் ஒரு வீட்டின் பின்புறத்தே எறியப்பட்ட பை கீழ்க்கடல் வரை செல்வதற்கு இயற்கையே வழி சமைத்து வைத்திருக்கிறது. ஆதலால், அந்தப் பச்சை இலை கூறுவது மெய்தானா என்று கேட்பது வீண் ஆராய்ச்சியன்று. நாம் குடிக்கும் நீரையும் நமக்குச் சோறிடும் மண்ணையும் பற்றிய கேள்வி அது.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பர் நம் பெரியோர். பையில் எழுதிய சொல் மண்ணுக்கு உதவுமா என்பதை இங்கே சற்று விசாரிப்போம்.

உக்கும் பை வந்த வரலாறு

பொலித்தீன் என்னும் பொருள் 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் ஆய்வுகூடத்தில், வேறு ஒன்றைத் தேடியபோது தற்செயலாகக் கிடைத்தது. கைப்பிடியோடு கூடிய பையாக அதனை வெட்டி ஒட்டும் முறைக்கு, சுவீடன் நாட்டைச் சேர்ந்த செலோபிளாஸ்ட் கம்பெனி 1965இல் உரிமை பெற்றது. கனமில்லை, நனையாது, விலையோ சொற்பம். இத்தனை நற்குணங்களும் ஒருங்கே வாய்ந்த அப்பொருளுக்கு ஒரே ஒரு குறை: அதற்குச் சாவு இல்லை.

அச்சாவின்மையின் விலையை இலங்கை 2017ஆம் ஆண்டில் கண்கூடாகக் கண்டது. அவ்வாண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டுத் தினத்தன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையிற் குவிந்து கிடந்த குப்பை மலை வீடுகளின் மேற் சரிந்தது. முப்பது பேருக்கு மேல் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி தொடக்கம், 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீனுக்கும், சோறு கட்டும் லஞ்ச் சீட்டுக்கும், ரெஜிபோம் உணவுப் பெட்டிக்கும் தடை விதிக்கப்பட்டது. 2023 ஒக்டோபர் முதல் பிளாஸ்டிக் உறிஞ்சு குழல், கரண்டி, தட்டு முதலியனவும் தடைப்பட்டன. 2025 நவம்பர் முதல், கடைக்காரர் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுத்தலாகாது என்ற விதியும் வந்தது.

தடை ஒரு பக்கம் வர, பழக்கம் மறுபக்கம் நின்றது. சோற்றைச் சுற்ற ஏதேனும் வேண்டும். சாமானைத் தூக்க ஏதேனும் வேண்டும். அந்த இடைவெளியிலேதான் 'உக்கும்' என்னும் அடைமொழியைச் சூடிக்கொண்டு புதிய தாள்களும் பைகளும் சந்தைக்குள் நுழைந்தன.

ஒரு சொல்லுக்குள் பல பொருள்

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வோம். 'இயற்கைக்கு உகந்த பிளாஸ்டிக்' என்று பொதுவாகப் பேசும்போது நாம் பல வேறு பொருள்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம்.

முதலாவது, தாவரத்திற் பிறந்த பிளாஸ்டிக். கரும்பிலிருந்தும் இன்று பொலித்தீன் செய்கிறார்கள். பிறப்பால் அது கரும்பேயாயினும், குணத்தால் பழைய பொலித்தீனே. நூறு மழை பெய்தாலும் உக்காது. இதற்கு நேர்மாறாக, பி.பி.ஏ.ரி. என்னும் ஒரு வகை பெற்றோலியத்திலிருந்து பிறக்கிறது. ஆயினும் நுண்ணுயிர்கள் அதனைத் தின்றுவிடக்கூடும். எங்கே பிறந்தது என்பது வேறு. எவ்வாறு முடியும் என்பது வேறு.

இரண்டாவது, நுண்ணுயிர்களாற் சிதைவது. இச்சொல்லில் காலமும் இல்லை, இடமும் இல்லை. 'கடனைத் திருப்பித் தருவேன்' என்று மட்டும் கூறி, எப்போது, எங்கே என்று கூறாதவனின் வாக்கைப் போன்றது இது.

மூன்றாவது, கூட்டெருவாகக்கூடியது. இது மட்டுமே காலத்தையும் இடத்தையும் குறித்துக் கொடுக்கும் வாக்கு. இதன் நிபந்தனைகளை அடுத்துக் காண்போம்.

இம்மூன்றினிடையே ஒரு போலியும் உண்டு. சாதாரணப் பொலித்தீனோடு சில உப்புகளைக் கலந்து, வெயிலிலும் காற்றிலும் அது நொறுங்கிப் போகும்படி செய்கிறார்கள். ஒட்சோ வகை என்று அதற்குப் பெயர். கண்ணுக்குத் தெரிந்த ஒரு பை, கண்ணுக்குத் தெரியாத பல்லாயிரம் துகள்களாகிறது. மறைவது வேறு, அழிவது வேறு அன்றோ? இவ்வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 3ஆம் திகதி முதல் முற்றாகத் தடை செய்துவிட்டது.

ஐம்பத்தெட்டுப் பாகை

கூட்டெருவாகும் பிளாஸ்டிக்குகளுள் பெயர் பெற்றது பி.எல்.ஏ. என்பது. சோளம், கரும்பு, மரவள்ளி முதலியவற்றின் சர்க்கரையைப் புளிக்க வைத்தால் லக்டிக் அமிலம் உண்டாகும். பாலைத் தயிராக்கும் அமிலமும் இதுவே. இவ்வமிலத்தின் மூலக்கூறுகளைக் கண்ணி கண்ணியாகக் கோத்து நீண்ட சங்கிலியாக்கினால் பி.எல்.ஏ. கிடைக்கிறது. இது அழிய வேண்டுமாயின், முதலில் நீர் புகுந்து சங்கிலியைத் துண்டுபடுத்த வேண்டும். துண்டுகள் சிறிதான பின்னரே நுண்ணுயிர்கள் அவற்றை உண்ணத் தொடங்கும். நீர் புகுந்து அறுக்கும் வேலை, ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் விரைந்து நடக்கும். குளிரில் ஆமை வேகத்திலே நடக்கும்.

ஐரோப்பாவில் கூட்டெருப் பொதிகளைச் சோதிப்பதற்கென்று ஈ.என். 13432 என்ற நியமம் ஒன்று உண்டு. 12 வாரங்களின் பின்னர் 2 மில்லிமீற்றர் அரிதட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் தங்கலாகாது. 6 மாதங்களுக்குள் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு காபனீரொட்சைட்டாக மாறிவிட வேண்டும். இவை கடுமையான நிபந்தனைகளே. ஆயினும் சிதைவுச் சோதனை நடைபெறுவது 58 பாகை வெப்பத்தில் என்பதை நாம் மறந்துவிடலாகாது. அது பெரிய கூட்டெரு ஆலைகளின் உள்ளே நிலவும் சூடு.

இனி நம் லிந்துலையைப் பார்ப்போம். கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேற்பட்ட உயரம். காலையிற் கொழுந்துக்குப் போகும் பெண்கள் கம்பளி போர்த்திச் செல்லும் குளிர். ஆண்டின் சராசரி வெப்பம் 20 பாகைக்குக் கீழே. 'வீட்டுத் தோட்டத்திலேயே கூட்டெருவாகும்' என்று சான்று வழங்கும் தனி நியமங்களுங்கூட, 20 முதல் 30 பாகை வரையுள்ள வெப்பத்தில், ஓராண்டுத் தவணையில் சோதிக்கின்றன. நம் மண் அந்தக் கீழெல்லையையும் எட்டாத நாட்களே அதிகம். பெருங்குவியலாகச் சேர்த்தால் எருவே தன்னுள் சூட்டை உண்டாக்கிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் லயத்தின் ஓரத்தில் இரண்டு கூடை குப்பையைக் குவித்தால், உண்டாகும் சூட்டை மலைக்காற்று அன்றன்றே வாங்கிக்கொண்டு போய்விடும்.

இன்னொன்றும் மாணவர்கள் மனங்கொள்ள வேண்டும். அப்பிளாஸ்டிக் நியமப்படி முறையாக உக்கினாலும், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு காற்றோடு போய்விடுகிறது. வாழைத்தோலும் கீரைத்தண்டும் மண்ணுக்கு நைதரசனும் பொற்றாசியமும் கொடுப்பதைப் போல, இது ஒன்றும் கொடுப்பதில்லை. உக்குவதெல்லாம் பசளையாவதில்லை.

மண் கூறிய சாட்சி

இவையெல்லாம் கணக்கு. மண்ணிற் புதைத்தே பார்த்தவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தார் ஐந்து வகைப் பைகளை மண்ணிற் புதைத்தும், கடலில் அமிழ்த்தியும், வெளியிலே தொங்கவிட்டும் மூன்றாண்டுகள் காத்திருந்தனர். 2019இல் வெளியான முடிவு உலகைச் சிந்திக்க வைத்தது. 'நுண்ணுயிராற் சிதைவது' என்று எழுதப்பட்டிருந்த பை, மூன்றாண்டுகள் மண்ணிற் கிடந்த பின்னரும் கடைச் சாமானைத் தாங்கும் வலுவுடன் இருந்தது. கூட்டெருவாகும் பையோ கடலில் மூன்று மாதத்துள் மறைந்துவிட்டது. மண்ணில் 27 மாதங்களின் பின்னரும் கிடந்தது, ஆனால் பாரந் தாங்கும் வலுவை இழந்திருந்தது. பைக்குப் பை, இடத்துக்கு இடம் முடிவு வேறுபடும் என்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியார், பொதுமக்களையே தத்தம் வீட்டுத் தோட்டங்களில் சோதித்துப் பார்க்கும்படி வேண்டினர். 2022இல் முடிவு வந்தது. 'வீட்டிலேயே கூட்டெருவாகும்' என்று சான்று பெற்றவற்றுள்ளும் நூற்றுக்கு அறுபது முற்றாக உக்கவில்லை. இங்கிலாந்தும் குளிர்நாடு, நம் மலைநாடும் குளிர்நாடு. அவர்கள் தோட்டத்தில் நடவாதது நம் தோட்டத்தில் நடக்கும் என்று நம்புவதற்கு ஆதாரம் வேண்டும்.

தேயிலைப் பையும் மண்புழுவும்

கடைப் பையை மட்டும் பேசி, தேயிலை நாட்டார் தேயிலைப் பையைப் பேசாது விடலாமா?

லயத்து அடுப்பில் தேத்தண்ணீருக்குத் தூள்தான் போடுவார்கள். வடித்தெடுத்த சக்கையை வாசலிலுள்ள ரோசாச் செடிக்குக் கொட்டுவார்கள். அத்தோடு அக்கதை முடிந்தது. ஆனால் இம்மலைகளில் விளையும் தேயிலையின் ஒரு பங்கு, நூல் கட்டிய சிறு பைகளுக்குட் புகுந்து கடல் கடந்து செல்கிறது. அப்பைகள் பார்வைக்குக் காகிதம் போலிருந்தாலும், வெந்நீரில் வாய் திறவாதபடி ஒட்டுவதற்காகப் பலவற்றில் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கும். இதனை அறிந்த மக்கள் முறையிடவே, பழைய இழைக்குப் பதிலாகப் பல கம்பெனிகள் பி.எல்.ஏ.யை நாடின.

பிளிமத் பல்கலைக்கழகத்தாரை உள்ளிட்ட ஆய்வாளர்கள் அத்தகைய மூன்று வகைத் தேயிலைப் பைகளை ஏழு மாதங்கள் மண்ணிற் புதைத்து, 2024இல் முடிவை வெளியிட்டனர். பி.எல்.ஏ.யால் மட்டும் செய்த பை சிறிதும் சிதையாமல் அப்படியே இருந்தது. தாவர நாரும் பி.எல்.ஏ.யும் கலந்த இரண்டும் நூற்றுக்கு அறுபது முதல் எண்பது பங்கு வரை நிறை குறைந்தன, எஞ்சியது பி.எல்.ஏ. அப்பைத் துண்டுகள் கலந்த மண்ணில் வாழவிட்ட ஒருவகை மண்புழுக்களிடையே, சில அளவுகளில், இறப்பு நூற்றுக்குப் பதினைந்து வரை கூடியது, இனப்பெருக்கமும் பாதிக்கப்பட்டது. மண்புழுவை உழவனின் நண்பன் என்று பள்ளிப் புத்தகத்திற் படிக்கிறோம். நண்பனுக்குத் தீங்கிழைக்கும் பொருளை 'மண்ணுக்கு உகந்தது' என்று எழுதலாமா?

இவ்விடத்தில் இன்னொரு செய்தி. 2025 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதியிடற் சட்டத்தின்படி, 2028 பெப்ரவரி 12 முதல் அங்கே விற்கப்படும் தேயிலைப் பைகள், ஆலைகளிற் கூட்டெருவாகத்தக்கனவாய் இருக்க வேண்டும். இது நியாயமான விதியே. நனைந்த தேயிலையையும் பையையும் வேறாகப் பிரித்துக் கழிப்பவர் யார்? இரண்டும் ஒரே குப்பைக் கூடையில், ஒரே ஆலைக்குச் செல்வதே முறை. ஆலை உள்ள நாட்டுக்கு அது பொருந்தும். ஆலை இல்லாத இடத்தில் அதே பையை ரோசாச் செடியடியிற் புதைத்தால், ஏழு மாதங்களின் பின்னர் தோண்டுபவர் கையில் அது மீண்டும் அகப்படும். இலங்கையிலிருந்து தேயிலைப் பை அனுப்புவோர் இவ்விதிக்கு அமைவது வியாபாரத்துக்கு இன்றியமையாதது. அவ்வாறு அமைந்த பையை இங்கேயும் விற்கும்போது, 'எந்த இடத்தில் உக்கும்' என்பதையும் சேர்த்து எழுதுவது நேர்மைக்கு இன்றியமையாதது.

பயன்படும் இடமும் உண்டு

இங்ஙனம் கூறுவதால், இப்பிளாஸ்டிக்குகள் யாவும் ஏமாற்று என்று முடிவு கட்டிவிடலாகாது. இத்தாலி நாட்டில் 2011இல் சாதாரணப் பொலித்தீன் பைகளை விலக்கிக் கூட்டெருவாகும் பைகளுக்கு இடம் கொடுத்தனர். மிலான் நகரில் 2012 தொடங்கி, வீட்டுச் சமையற் கழிவுகளைத் தனியே சேர்க்கும் ஏற்பாடு படிப்படியாக நகரம் முழுவதும் பரவியது. கடையில் வாங்கிய பை, வீட்டில் மரக்கறித் தோலும் எஞ்சிய சோறும் போடும் பையாகிறது. வண்டி அதனை அப்படியே ஆலைக்கு எடுத்துச் செல்கிறது. அங்கே பையின் தொழில் உக்குவது மட்டுமன்று; அருவருப்பின்றி உணவுக் கழிவைச் சேர்த்துக் கொடுப்பதே அதன் தலையாய தொழில்.

ஆக, பை, தனிக் கூடை, வண்டி, சூடான ஆலை என்னும் நான்கும் சேர்ந்தாற்றான் வாக்கு நிறைவேறும். மூன்றை விட்டுவிட்டுப் பையை மட்டும் வரவழைத்தல், தண்டவாளம் போடாமல் புகைவண்டியை வாங்குவதை ஒக்கும். அதுமட்டுமன்று. கூட்டெருவாகும் பொருள் காற்றுப் புகாத குப்பைமேட்டின் அடியிற் சிக்கினால், உக்காமலே கிடக்கும். அல்லது ஒட்சிசனின்றி உக்கி, காபனீரொட்சைட்டைவிடப் பன்மடங்கு வெப்பமூட்டும் மெதேன் வாயுவை வெளிவிடும். மீள்சுழற்சிக்குச் சேர்க்கும் போத்தல்களோடு பி.எல்.ஏ. கலந்தாலோ, நல்ல சரக்கும் கெட்டுப்போகும்.

தோட்டத்துக்கு வண்டி வருமா?

இனி நம் ஊர் நிலையை எண்ணுவோம். லிந்துலைக் கடைவீதிக்கு நகரசபை உண்டு. சுற்றியுள்ள தோட்டங்களின் நிலை வேறு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் தம் பணத்தைச் செலவிட்டு வசதி செய்வதற்குத் தடையாக நின்றது. வாக்குக் கேட்க வந்தவர்கள் பாதை கேட்டு வந்தார்கள். குப்பை வண்டிக்குப் பாதை இருக்கவில்லை. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. சட்டம் வாசலைத் திறந்துவிட்டது. வண்டி ஒவ்வொரு லயத்தின் வாசலுக்கும் வந்து சேர்வதே இனி வேண்டுவது.

மத்திய சுற்றாடல் அதிகாரசபை 2008இல் தொடங்கிய பிலிசரு திட்டத்தின் வழியாக, நாட்டின் பல உள்ளூராட்சி மன்றங்கள் கூட்டெரு நிலையங்களை அமைத்தன. மலைநாட்டிலோ மரக்கறிக் கழிவுக்குப் பஞ்சமில்லை. பசளைக்குத் தேவையும் குறைவில்லை. தோட்டந்தோறும் உணவுக் கழிவைத் தனியே சேர்க்கும் ஒரு கூடையும், அதை எடுக்க ஒரு வண்டியும் வந்துவிட்டால், பச்சை இலை வரைந்த பைக்கும் ஒருநாள் இங்கே உண்மையான வேலை கிடைக்கும். அதுவரை அப்பை நம் கானுக்குள் விழுந்த மற்றொரு பையே. 'உக்கும்' என்ற சொல், எறிவதற்கு ஓர் அனுமதிச் சீட்டாகிவிட்டால், முன்னைய பொலித்தீனைவிட அதனால் விளையும் கேடு பெரிதாகவும் கூடும்.

நம் கையில் உள்ளது

பின் என்ன செய்வது? புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. நம் பாட்டிமார் கடைக்குப் போகும்போது பன் பையோ துணிப்பையோ கையிலிருக்கும். எண்ணெய்க்குப் போத்தல் இருக்கும். நம்மைப் போலவே தேயிலை விளையும் நீலகிரியில், 2000ஆம் ஆண்டளவில் ஆட்சியராயிருந்த சுப்ரியா சாகு பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக ஓர் இயக்கத்தையே நடத்தினார். தமிழ்நாட்டு அரசு 2021 டிசெம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று தொடங்கிய இயக்கமும், கலியாண வீட்டிற் கொடுக்கும் பழைய மஞ்சட் பையைத்தான் திரும்ப அழைத்தது.

துணிப்பையிலும் ஒரு நிபந்தனை உண்டு. பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் நீரும் எரிபொருளும் செலவாகின்றன. பிரித்தானியாவின் சுற்றாடல் நிறுவனம் 2011இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரே தடவை பாவித்தெறியும் மெல்லிய பையைவிடப் பருத்திப் பை சூழலை வெப்பமாக்குவதிற் குறைந்ததாக வேண்டுமானால், அதனை 131 தடவை பாவிக்க வேண்டும். வாரம் ஒருமுறை கடைக்குப் போனால் இரண்டரை ஆண்டு. பழைய சேலையிலும் மாவுச் சாக்கிலும் தைத்த பையாயின் அக்கணக்கே வேண்டாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறோம். வருகிற தைப்பொங்கலன்று வீட்டுத் தோட்டத்தில் நான்கு குழி தோண்டுங்கள். ஒன்றில் வாழையிலை, ஒன்றில் பழைய பத்திரிகை, ஒன்றில் சாதாரணப் பொலித்தீன் பை, ஒன்றில் பச்சை இலை வரைந்த பை என நான்கையும் ஒரே அளவில் வெட்டி, நிறுத்துக் குறித்து, வெங்காயம் வரும் வலைப்பைகளில் தனித்தனியே இட்டு, ஒரே ஆழத்திற் புதையுங்கள். பள்ளியில் வெப்பமானி இருந்தால் வாரம் ஒருமுறை மண்ணின் சூட்டைக் குறித்து வாருங்கள். தீபாவளிக்கு முதல்நாள் தோண்டி எடுத்து, மண்ணைக் கழுவி, உலர்த்தி, மீண்டும் நிறுத்துப் பாருங்கள். கிடைத்த கணக்கைக் கடைக்கார முதலாளியிடமும் ஆசிரியரிடமும் அம்மாவிடமும் காட்டுங்கள்.

பையில் எழுதியிருப்பது கம்பெனியின் வாக்கு. நீங்கள் தோண்டி எடுப்பது லிந்துலை மண்ணின் வாக்கு. இரண்டும் ஒத்திருந்தால் மகிழ்வோம். ஒவ்வாதிருந்தால், அடுத்த சம்பள நாளில் துணிப்பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவோம்.